ஒற்றை ஆள் மெத்தை

கன்னையா கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பொம்பளையை வைத்திருக்கிறார் என்ற செய்தி, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கிள்ளானிலிருந்து கிளம்பி மத்தியானச் சாப்பாட்டுக்குள் பாகான் செராய் போய்ச் சேர்ந்துவிட்டது. ரயிலே அத்தனை சீக்கிரம் போகாது.

கிளம்பும்போது செய்தி சின்னதுதான். ஞாயிற்றுக்கிழமை பூமாலை வாங்க பிரிக்பீல்ட்ஸுக்குப் போன சந்திரகலா, பூக்கடைக்குப் பக்கத்து மாடிப்படியில் ஒரு மெத்தை தானாக ஏறிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். மெத்தைக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன. கால்களில் பச்சை வார் போட்ட செருப்பு. தன் தோழி லோகேஸ்வரியின் கிள்ளான் வீட்டு வாசலில் பதினாலு மாதமாகக் கிடக்கிற அதே செருப்பு. லோகேஸ்வரியின் அக்கா புருஷன் கன்னையாவின் செருப்பு. சந்திரகலா கண்ணால் பார்த்தது ஒற்றை ஆள் படுக்கிற மெத்தை. லோகேஸ்வரியிடம் சொல்லும்போது அது இரண்டு ஆள் மெத்தையாகிவிட்டது. நடுவில் இரண்டு அத்தைமார் வாயில் புகுந்து வெளியே வந்தபோது மெத்தைக்கு ஒரு கட்டில், கட்டிலுக்கு ஒருத்தி, அவளுக்குத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை என்று குடித்தனமே அமைந்துவிட்டது. மனுஷன் பட்டணத்துக்கு வந்தே பதினாலு மாதம். பிள்ளை எப்படி மூன்றாம் வகுப்பு என்று யாரும் கேட்கவில்லை. பாகான் செராயில் போனை எடுத்த சீதாலெட்சுமி, கன்னையாவின் மனைவி, அவளும் கேட்கவில்லை. அவள் போனை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள். அவ்வளவுதான்.

செய்தி மெய்யா பொய்யா என்று பார்க்க அந்த மாடிப்படியில் ஏறினால் போதும். ஆனால் ஏறுகிற ஆள் யார், அந்த மெத்தையைச் சுமக்கும் அளவுக்கு அவருக்கு என்ன வந்தது என்று தெரியாமல் ஏறினால் சந்திரகலாவுக்கும் நமக்கும் வித்தியாசம் இருக்காது.

கன்னையாவுக்கு நாற்பத்தேழு வயது. பாகான் செராய்க்கு வெளியே, போத்தல் மூடி செய்கிற தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் ஸ்டோர் பார்த்தவர். போன வருஷம் முதலாளி தொழிற்சாலையை ஷா ஆலமுக்கு மாற்றினார். வருகிறவர்கள் வரலாம், வராதவர்களுக்கு வேலை முடிந்ததென்று கடுதாசி. மகளுக்கு அடுத்த வருஷம் பள்ளி முடிக்கிற எஸ்.பி.எம். பரீட்சை, சீதாலெட்சுமிக்கும் அங்கே கிளினிக்கில் வேலை. ஆகவே குடும்பம் அங்கேயே இருக்கட்டும், இவர் மட்டும் போய் 'ரெண்டு மாசம்' தங்கச்சி வீட்டில் தங்கி, பிறகு ஒரு ரூம் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. அந்த ரெண்டு மாசத்துக்குத்தான் இப்போது வயது பதினாலு மாசம்.

தங்கச்சி என்றால் லோகேஸ்வரி. அவள் புருஷன் சுகுமாறன், துறைமுகத்தில் கிளார்க். கன்னையாவுக்குச் சகலை. நல்ல மனுஷன். இரண்டு பேருமே நல்ல மனுஷர்கள், தொல்லையே அதுதான். கெட்டவர்களாக இருந்திருந்தால் மூன்றாம் நாளே சண்டை போட்டுக்கொண்டு நிம்மதியாக வெளியே போயிருக்கலாம்.

முதல் நாளே கன்னையா வாடகைப் பேச்சை எடுத்தார். சுகுமாறன் காதைப் பொத்திக்கொண்டார். லோகேஸ்வரி, "என்ன மாமா, எங்களை அசிங்கப்படுத்தவா வந்தீங்க?" என்று கேட்டாள். அதோடு அந்தக் கதவு மூடிவிட்டது. வாடகை கொடுக்கிறவனுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள உரிமை உண்டு. அறைக் கதவைச் சாத்திக்கொள்ள உரிமை உண்டு. சும்மா தங்குகிறவனுக்கு நன்றியாக இருக்க மட்டும்தான் உரிமை, அதுவும் இருபத்து நாலு மணி நேரமும்.

காலை ஐந்துக்கு எழுந்து, மோட்டார் சைக்கிளில் ஃபெடரல் ஹைவேயில் லோரிகளோடு லோரியாகப் போய், பகல் முழுக்க மூடி எண்ணி, ஏழு மணிக்குத் திரும்பினால், "பெரியப்பா வந்துட்டாரு" என்று ஒரு பிள்ளை டியூஷனுக்குத் தயாராக நிற்கும். அதை விட்டுவிட்டு வந்தால் இன்னொன்றைப் பேட்மிண்டனிலிருந்து கூட்டி வர வேண்டும். யாரும் ஏவவில்லை. இவரே முதல் வாரம் ஆசையாகச் செய்தார், இரண்டாம் வாரம் அது வழக்கமானது, மூன்றாம் வாரம் சுகுமாறன் அந்த நேரத்துக்கு வேறு வேலையை ஒப்புக்கொண்டுவிட்டார். பிறகு சாப்பாடு. தட்டில் மூன்றாம் தடவையும் சோறு விழும். காரமில்லாத குழம்பு. போதும் என்றால், "பிடிக்கலையா மாமா?" என்று கேள்வி. சாப்பிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் ஐந்து நிமிஷத்தில் தட்டுவார்கள்: உடம்பு சரியில்லையா? தலைவலியா? அக்கா ஏதாவது சொல்லுச்சா? ஒரு மனுஷன் காரணமில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கன்னையாவை ஹாலுக்குக் கூப்பிடுவார்கள். "எங்க மாமா. எங்களோடதான் இருக்காரு. ஒரு காசு வாங்கறதில்ல." விருந்தாளிகள் அவரை மேலும் கீழும் பார்த்துத் தலையாட்டுவார்கள், புதிதாக வாங்கிய ஃப்ரிட்ஜைப் பார்க்கிற மாதிரி. கன்னையாவும் சிரித்துக்கொண்டு நிற்பார். ஃப்ரிட்ஜுக்காவது சிரிக்கிற வேலை இல்லை.

அவருக்கென்று இருந்தது மழை மட்டும்தான். ஹைவேயில் மழை பிடித்தால் மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லாரும் மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்குவார்கள். முப்பது பேர் நிற்பார்கள், ஒருவரும் ஒருவரோடும் பேசமாட்டார்கள். அந்த இருபது நிமிஷம் கன்னையாவை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். மழை விட்டு எல்லாரும் கிளம்பிய பிறகும் அவர் நின்றிருக்கிறார். வானம் வெறித்திருக்கிற நாளில் மேகம் வருகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார்.

நாலாம் மாதம் மெதுவாக ஒரு ரூம் பார்க்கலாமென்றிருக்கிறேன் என்று வாய் திறந்தார். லோகேஸ்வரி அன்று சாப்பிடவில்லை. மறுநாள் சீதாலெட்சுமி பாகான் செராயிலிருந்து போனில் அழுதாள்: என் தங்கச்சி உங்களுக்கு என்ன குறை வைத்தாள், ஊரில் நான் எப்படித் தலை காட்டுவது. அந்த வார இறுதியில் சுகுமாறன் ஆள் கூப்பிட்டு, கன்னையா படுக்கிற நடு அறையில் குளிரடிக்கிற ஏர்கான் மாட்டினார். "இப்ப நல்லாத் தூக்கம் வரும்ணே." ஏர்கான் மாட்டிய இரவு கன்னையாவுக்குப் புரிந்தது, இனி இந்த வீட்டிலிருந்து நடந்து வெளியே போக முடியாது.

போக முடியாது என்றால் போகாமலே போவது எப்படி என்று யோசித்தார். அங்கேதான் அவர் மூளை பாகான் செராய் மூளையாக வேலை செய்தது. ஊரில் ஒருவன் ஒளிய வேண்டுமென்றால் ஈப்போவுக்குப் போவான். கிள்ளானில் இருப்பவன் ஒளிய வேண்டுமென்றால் கே.எல். என்கிற கோலாலம்பூர்தான். பெரிய பட்டணம், யாருக்கும் யாரையும் தெரியாது. கே.எல்.லில் எங்கே? ரயிலில் ஏறினால் கே.எல். சென்ட்ரலில் இறங்கலாம், இறங்கினால் எதிரே பிரிக்பீல்ட்ஸ். ஆக, தமிழன் கண்ணில் படாமல் இருக்க, இந்த நாட்டுத் தமிழர்கள் மாலை வாங்கவும் சேலை எடுக்கவும் வாழை இலை வாங்கவும் வந்து குவிகிற ஒரே தெருவில், பூக்கடைக்குப் பக்கத்து மாடியில் ரூம் பிடித்தார் கன்னையா.

மாடியைப் பார்த்துக்கொண்டவர் விநாயகமூர்த்தி. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர், எழுபது தாண்டியவர், அடுத்த அறையிலேயே குடியிருந்தார். சத்தம் கூடாது, சமையல் கூடாது, பெண்கள் கூடாது என்று விரல் மடக்கிவிட்டு, எப்போது வருவீர் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றார் கன்னையா. மற்ற நாட்கள்? கிள்ளானில் சொந்தக்காரர்கள் வீட்டில் இருக்கிறேன் என்றார். விநாயகமூர்த்தி அவரை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"சொந்தக்காரரோ. அப்ப சரி," என்று சாவியைக் கொடுத்தார்.

ஞாயிறு தோறும் வெளியே தியான வகுப்பு என்று கிள்ளான் வீட்டில் சொல்லியிருந்தார். ஞாயிறு காலை ஒன்பதுக்குக் கிளம்பி, பத்துக்கு ரூம் தரையில் படுத்தால் நாலு மணிக்குத்தான் கண் திறக்கும். ஐந்தாறு வாரத்தில் வீட்டில் எல்லாரும் அவர் முகத்தைக் கவனித்தார்கள். "தியானம் நல்லா வேலை செய்யுது மாமா, முகத்துல ஒரு தெளிவு," என்றாள் லோகேஸ்வரி. சுகுமாறன் ஒருநாள் கராஜில் தனியாக மடக்கி, அந்த வகுப்பில் தனக்கும் ஒரு இடம் கிடைக்குமா என்று தணிந்த குரலில் கேட்டார். ஆள் நிறைந்துவிட்டது என்று சொல்லிவிட்டார் கன்னையா. சொன்ன பிறகு சகலையின் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பைப் பார்த்து ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை.

சிமெண்டுத் தரை இடுப்பைப் பிடித்தது. அதனால்தான் மெத்தை. இப்போது எல்லாம் தெரிந்துவிட்டது.

சீதாலெட்சுமி சனிக்கிழமை சாயங்காலம் கிள்ளானில் வந்து இறங்கினாள். சும்மா, தங்கச்சியைப் பார்க்கணும் போல இருந்தது என்றாள். இரவு அவரோடு மகளின் டிரயல் பரீட்சையைப் பற்றி மட்டும் பேசினாள். ஞாயிறு காலை கன்னையா பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருக்க, வகுப்புக்குப் போகலையா என்று கேட்டாள். நீ வந்திருக்கிறாயே என்றார்.

"நல்ல காரியத்தை விடக்கூடாது. போங்க."

அவள் அதைச் சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது. அவருக்கும் தெரிந்தது. ஆனால் ஆறு நாள் ஹைவே அவர் கழுத்தில் உட்கார்ந்திருந்தது. கழுத்து புத்தியைப் பேசவிடவில்லை. போனார்.

சுகுமாறனின் மைவி காரில் மூன்று பேரும் பின்னாலேயே கிளம்பினார்கள். கையும் களவுமாகப் பிடிக்க வந்தவர்களை பிரிக்பீல்ட்ஸ் பார்க்கிங் தேடி நாற்பது நிமிஷம் சுற்றவிட்டது. மூன்றாம் சுற்றில் லோகேஸ்வரி, நாம் போவதற்குள் அவள் தப்பித்துவிடுவாள் என்று புருஷன் மேல் எரிந்து விழுந்தாள். சீதாலெட்சுமி கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

கதவைத் தட்டியதும் திறக்கவில்லை. நாலைந்து தரம் தட்டிய பிறகு, கைலியோடு, கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்த கன்னையா வந்து திறந்தார். யார் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

லோகேஸ்வரி அவரைத் தாண்டி உள்ளே போனாள். பார்ப்பதற்கு அங்கே அதிகம் இல்லை. மெத்தை. தலையணை ஒன்று. ஒரு மேஜை விசிறி. ஆணியில் அவர் சட்டை. கதவுக்குப் பின்னால் பார்த்தாள், ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். சுகுமாறன் வாசலிலேயே செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று நின்றார். சத்தம் கேட்டு விநாயகமூர்த்தி பனியனோடு வெளியே வந்தார்.

"இங்க வேற யாரு வர்றா?" என்று சீதாலெட்சுமி அவரிடமே நேராகக் கேட்டாள்.

"யார் வாறது? இந்த மனுசன் வாறார், படுக்கிறார், குறட்டை விடுறார். சுவரில நான் மூன்று தரம் தட்டியிருக்கிறன். அந்தக் குறட்டைக்குப் பக்கத்தில எந்தப் பொம்பிளை இருப்பாள்?"

இருபது வருஷம் அதற்குப் பக்கத்தில் இருந்தவள் அதை ஒப்புக்கொண்டாள் போலிருந்தது. முகம் கொஞ்சம் இளகியது. கன்னையாவைப் பார்த்தாள்.

"யாருமே இல்லையா?"

"யாருமில்ல."

"அப்ப எதுக்கு இந்த ரூம்?"

"அதுக்குத்தான்."

முதலில் உடைந்தது சீதாலெட்சுமி இல்லை, லோகேஸ்வரி. பொம்பளை இருந்தால் அவளைத் திட்டலாம், மாமாவைத் திட்டலாம், அக்காவைக் கட்டிக்கொண்டு அழலாம். எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் வந்திருந்தாள். காலி ரூமை யாரென்று திட்டுவது? ஒற்றை ஆள் மெத்தையைக் காட்டி, எங்கள் வீட்டு ஏர்கானில் வராத தூக்கம் இதில் வருகிறதா என்று கேட்டாள். கன்னையா தலையைக் குனிந்துகொண்டார். வழக்கமாக இந்த இடத்தில் 'அப்படியெல்லாம் இல்லம்மா' என்று ஆரம்பிப்பார். பதினாலு மாதம் அதைச் சொல்லிச் சொல்லி வாய் அலுத்துப் போயிருந்தது.

"வருது லோகா," என்றார். "உங்க வீட்ல குறை ஒண்ணுமில்ல. என்னால முடியல."

"முடியலையா." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்கு வயித்துப்புண்ணுன்னு அக்கா சொல்லுச்சு. பதினாலு மாசமா அந்த வீட்ல யாரும் காரமாச் சாப்பிடல மாமா. பிள்ளைங்க தட்டைத் தள்ளுதுங்க. இவரு ஆபீஸ் கேண்டீன்ல போய்த் திருட்டுத்தனமா மிளகாய்ச் சம்பால் வாங்கிச் சாப்பிடறாரு. எனக்குத் தெரியாதா? நான் சொல்லிக் காட்டினேனா ஒரு நாள்?"

கன்னையாவின் வயிற்றுப்புண் ஆறிப் பத்து வருஷம் ஆகிறது. அவருக்குக் காரம் என்றால் உயிர். கிள்ளான் வீட்டுச் சமையல் இப்படித்தான் போல, குறை சொல்லக்கூடாது என்று அவரும்தான் பதினாலு மாதமாகச் சப்பென்று விழுங்கிக்கொண்டிருந்தார். ஷா ஆலமில் காலையில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கோடு சம்பாலை இரண்டு கரண்டி கேட்டு வாங்கி ஈடுகட்டிக்கொண்டிருந்தார். இதை இப்போது சொன்னால் அந்த இடத்திலேயே இவள் மயங்கி விழுந்துவிடுவாள் என்று வாயை மூடிக்கொண்டார்.

சீதாலெட்சுமி மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாள். சொன்னேன், நாலாம் மாதம், நீ அழுதாய் என்றார் அவர். செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் தூங்கவில்லை என்று மட்டும் சொன்னாள். ஒரு நிமிஷம் என்று தலையைச் சாய்த்தாள். அவ்வளவுதான். எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. கன்னையா விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டு, மற்ற இருவரையும் கீழே டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கேதான் உண்மையான பஞ்சாயத்து நடந்தது. அவர் இனி இங்கே இருக்கட்டும் என்பதில் லோகேஸ்வரிக்குக்கூட ஆட்சேபம் இல்லை. முகத்துக்கு நேரே முடியல என்று சொன்னவரை வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது? ஊருக்கு என்ன சொல்வது என்பதுதான் கேள்வி. கொழுந்தியா வீட்டுச் சோறு பிடிக்கவில்லை என்று கிள்ளான் முழுக்கப் பேசும். அவள் டீயைக் கலக்கிக்கொண்டே, ஏற்கனவே பரவியிருப்பதையே இருக்கவிட்டால் என்ன என்றாள்.

"எதை?" என்றார் கன்னையா.

"பொம்பளை வச்சிருக்கீங்கங்கறதை. அது உங்க பேர் மாமா. இது என் பேர்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சுகுமாறன்தான் தலையிட்டார். வீட்டில் வாய் திறக்காத மனுஷனுக்கு டீக்கடையில் அது நன்றாகவே வேலை செய்தது. மண்டலம் என்று சொல்லிவிடலாம் என்றார். தியான குரு, நாற்பத்தெட்டு நாள் வீடு விட்டுத் தனியாக இருந்து விரதம் காக்கச் சொன்னார். ஒற்றை மெத்தை, காலி ரூம், எல்லாம் பொருந்துகிறது. யாரும் குறை சொல்ல மாட்டார்கள், கையெடுத்துக் கும்பிடுவார்கள். லோகேஸ்வரி யோசித்தாள். அவள் முகத்தில் அன்று முதல் தடவையாக ஒரு வெளிச்சம் வந்தது.

"விரதம்னா கறி, மீன் எல்லாம் நிறுத்தணும் மாமா. சும்மா பேருக்குச் சொல்லக்கூடாது பாருங்க. தெய்வக் குத்தம் லா."

காரைத் திறக்கும்போது சுகுமாறன் கன்னையாவின் காதோரம் குனிந்து, மெத்தை எந்தக் கடை என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் சீதாலெட்சுமியை ரயிலேற்றிவிட்டு அப்படியே ரூமுக்கு வந்துவிட்டார். அதே சாயங்காலம் கிள்ளானில் லோகேஸ்வரி, பதினாலு மாதத்துக்குப் பிறகு, மிளகாய் கிள்ளிப்போட்டு நண்டுக் குழம்பு வைத்தாள். பிள்ளைகள் மூக்கு ஒழுக ஒழுகச் சாப்பிட்டார்களாம். சாப்பிடுமுன் அவள் ஒரு டப்பாவில் கொஞ்சம் எடுத்து வைத்து மூடி, மேலே 'மாமா' என்று எழுதி ஃப்ரீசரில் வைத்தாள். எத்தனை கோபமிருந்தாலும் ஒருவர் பங்கை எடுத்து வைக்காமல் அவளால் சட்டியில் கரண்டி விட முடியாது.

ரூம் சொர்க்கமில்லை. ஷா ஆலமுக்கு இப்போது அரை மணி நேரம் கூடுதல் சவாரி. துணி துவைக்க வேண்டும். விசிறி கடகடவென்கிறது. வேலை முடிந்து வந்தால் சாப்பிட்டீர்களா என்று கேட்க ஒரு ஆள் இல்லை. இதற்குத்தானே வந்தோம் என்று எட்டு மணிக்கு நினைத்துக்கொள்வார். ஒன்பது மணிக்கும் அதையே நினைத்துக்கொள்வார். வெளியே சாப்பிடப் போனால் சந்திரகலாவோ, சந்திரகலாவின் நாத்தனாரோ, யாரோ ஒருவர் தெருவில் கும்பிட்டு, "மண்டலமாமே அண்ணே" என்று விபூதி கேட்காத குறையாக நிற்கிறார்கள். மீன் தலைக் குழம்பு வாசனையைத் தாண்டி நடந்து போய், தயிர்ச் சோறு வாங்கி வருகிறார். ஆனால் தூங்குகிறார். படுத்தால் தூங்குகிறார். விநாயகமூர்த்தி இப்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறார்.

நாற்பத்தெட்டு நாள் முடிந்து இருபது நாளுக்கு மேல் ஆகிறது. குரு இன்னொரு மண்டலம் இருக்கச் சொல்லிவிட்டார் என்று ஊருக்குச் சொல்லியாயிற்று. விரதம் முடிந்தால் கிள்ளானுக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அது விரதமில்லை, கோபம். நண்டைச் சாப்பிட்டால் விரதம் முடிந்தது. லோகேஸ்வரி வெள்ளிக்கிழமை தோறும் போன் செய்கிறாள். பேச்சு பிள்ளைகளின் பரீட்சை, சுகுமாறனின் முதுகு வலி என்று போய் ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

"நண்டு அப்படியே இருக்கு மாமா."

"பிள்ளைங்களுக்குக் குடுத்திரும்மா."

"அது எப்படி? உங்க பங்கு. நீங்க எங்களுக்கு ஒரு வேளை சாப்பாடு பாக்கி."

கன்னையா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கீழே யாரோ மாலைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த மண்டலம் எப்ப முடியுது?" என்றாள்.

"குருவைக் கேட்டுச் சொல்றேன்."

"கேட்டுச் சொல்லுங்க," என்றாள், அப்படி ஒரு குரு கிடையாது என்று நன்றாகத் தெரிந்தவள். போனுக்குள் ஃப்ரீசர் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.